டெல்டா சாலைக்கு டர்போ செடான்: குதிரைத்திறனை விடுங்கள், கியர்பாக்ஸைப் பாருங்கள்

டர்போ (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தும் விசிறி) வைத்த செடான் வாங்கலாமா என்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கேட்பவர்கள் முதலில் பேசுவது குதிரைத்திறனைப் பற்றித்தான். தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் ஓட்டுகிறவருக்கு அந்த எண் பெரிதாக உதவாது. டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை, எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) கிடைக்கிறது என்று பாருங்கள். ஹூண்டாய் வெர்னாவின் டர்போ இல்லாத 1.5 பெட்ரோல் எஞ்சின் 144 நியூட்டன் மீட்டரை 4,500 ஆர்பிஎம்மில் தருகிறது. ஃபோக்ஸ்வாகன் விர்டஸின் 1.5 டர்போ 250-ஐ 1,600-லேயே கொடுத்துவிடும். வாய்க்கால் ஓரச் சாலையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டரை முந்தும்போது, கொடுத்த காசு எங்கே போனது என்று தெரியும்.

ஆனால் கியர்பாக்ஸில்தான் பலர் சறுக்குகிறார்கள். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வைத்த டூயல் கிளட்ச் பெட்டி (இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) திருச்சி நான்குவழிச் சாலையில் வெண்ணெய் மாதிரி கியர் மாற்றும். அதே வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டிலோ, மாசி மகத்தன்று கும்பகோணத்திலோ மாட்டினால், அடி அடியாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடேறும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே எண்ணெய் இல்லை. டார்க் கன்வெர்ட்டர் என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்கில் சக்தியைக் கடத்துவதே எண்ணெய்தான், அதனால் ஊர்ந்து போவதைத் தாங்கும். பாதி நாள் டவுனுக்குள் ஓடுகிறவருக்கு என் சிபாரிசு அதுதான். ஏற்கெனவே டூயல் கிளட்ச் வாங்கியாயிற்றா? சரி, முன்னால் கொஞ்சம் இடம் விழும்வரை பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், அப்புறம் ஒரேயடியாக நகருங்கள்.

நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் ஆல் வீல் டிரைவ்? மலையும் பனியும் இல்லாத சமவெளியில் அது வீண் எடை. அந்தக் காசில் நல்ல டயர் போடலாம்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. வேகமாக வந்து காபிக் கடை வாசலில் சட்டென்று அணைத்தால், சூட்டில் தேங்கிய ஆயில் கருகிப் படியும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலே போதும். ஆயில், புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுதான். மலிவாகக் கிடைத்தது என்று மாற்றி ஊற்றாதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, சாலையில் காயப்போட்ட வைக்கோலும் உளுந்துச் செடியும். கருகல் வாசனை அடிக்கிறது என்று வந்த ஒரு வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். ஆக்சிலில் உளுந்துக் கொடி கயிறாக முறுக்கிச் சுற்றியிருந்தது. ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் வீல் உட்புறமெல்லாம் தெறித்திருந்தது. சைலன்சர் பக்கம் போன நுனி கரியாகியிருந்தது. தாழ்வான செடானில் தீப்பிடிக்க அதுவே போதும். அறுவடைக் காலத்தில் அப்படி ஏறி இறங்கினால், கொஞ்ச தூரம் தள்ளி ஓரங்கட்டி, கீழே குனிந்து பாருங்கள். வைக்கோல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். சிக்கியிருந்தால் எஞ்சினை அணைத்துச் சூடு ஆறியபின் இழுத்து எடுங்கள். பூட் கிழிந்ததை உடனே கவனித்தால் ரப்பரும் கிரீஸும்தான் செலவு. விட்டுவிட்டால் மண் புகுந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டக்டக்கென்று சத்தம் வரும், அப்போது ஆக்சிலையே மாற்ற வேண்டியிருக்கும்.