ஒரு ஊர் எந்தப் பக்கம் வளரும்னு கம்ப்யூட்டர் எப்படி கணக்கு போடுது?

மாஸ்டர் பிளான்ல இது குடியிருப்பு, இது விவசாயம், இது தொழிற்சாலைன்னு கலர் அடிச்சு முடிவு பண்ணிடறாங்க, ஆனா அது சரியா தப்பான்னு தெரிய இருபது முப்பது வருஷம் ஆகும். அதுக்குள்ள அந்த இடத்துல லேஅவுட் போட்டு, வீடு கட்டி, ஈபி கனெக்‌ஷன் வாங்கி, பேங்க் லோனும் பாதி அடைச்சிருப்பாங்க. அப்புறம் தப்புன்னு தெரிஞ்சு என்ன பண்றது? பிளாட் போட்ட ஏரியை மறுபடி ஏரியாக்கறது கிட்டத்தட்ட முடியாத காரியம். நிஜ ஊரை வச்சு சோதனை பண்ணிப் பாக்க வழியில்லாததாலதான் ஊரையே கம்ப்யூட்டருக்குள்ள உருவாக்கி, முப்பது வருஷத்தை வேகமா ஓட்டிப் பாக்கற சிமுலேஷன் வந்துச்சு.

இதுல நிறைய வகை இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு முழுசா புரிஞ்சுக்க சுலபமானது ஸ்லூத்னு ஒரு மாடல், அதையே எடுத்துக்கலாம். சாண்டா பார்பராவுல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட கீத் கிளார்க்கும் கூட இருந்தவங்களும் உருவாக்கினது, 1997ல வெளியான கட்டுரையில சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா பகுதி 1900லேருந்து 1990 வரைக்கும் எப்படி பரவிச்சுன்னு இதை வச்சு ஓட்டிக் காட்டினாங்க.

முதல்ல மொத்த நிலத்தையும் சின்னச் சின்ன சதுரக் கட்டமா பிரிச்சுடுவாங்க. ஒவ்வொரு கட்டமும் ஒண்ணு கட்டடம் ஆன இடம், இல்லன்னா இன்னும் ஆகாத இடம். அதுக்கு மேல நிலத்தோட சரிவு, ரோடு, வெவ்வேற வருஷத்துல ஊர் எவ்வளவு தூரம் பரவியிருந்துச்சுங்கற பழைய மேப், எங்கெல்லாம் கட்டவே கூடாதுங்கற மேப்னு அடுக்கடுக்கா ஏத்துவாங்க. அப்புறம் ஒரு சுத்து ஓடினா ஒரு வருஷம் போச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு சுத்துலயும் நாலு விதி வரிசையா வேலை செய்யும். முதல் விதி, எங்கயோ வயக்காட்டுக்கு நடுவுல ஒரு கட்டம் தன்னிச்சையா கட்டடமா மாறலாம். ரெண்டாவது, அப்படி தனியா முளைச்சது பக்கத்துக் கட்டங்களையும் இழுத்து ஒரு புது குடியிருப்பா ஆகலாம். மூணாவது, ஒரு காலிக் கட்டத்தைச் சுத்தி இருக்கிற எட்டுல மூணு கட்டமாவது ஏற்கனவே கட்டடமா இருந்தா அதுவும் மாற வாய்ப்பு உண்டு, ஊரோட ஓரம் மெல்ல மெல்ல வெளிய நகர்றது இப்படித்தான். நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புதுசா முளைச்ச ஒரு கட்டம் சுத்துமுத்தும் ரோடு இருக்கான்னு தேடும், இருந்தா அந்த ரோட்டுல ஏறி அது வழியாவே கொஞ்ச தூரம் நடந்து போய், ஒரு இடத்துல நின்னு அங்க ஒரு புது குடியிருப்பை ஆரம்பிக்கும். சென்னையில சோழிங்கநல்லூரைத் தாண்டி ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) ஓரமா கட்டடங்கள் எப்படி ஓடிச்சுன்னு பாத்தவங்களுக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்.

இந்த விதிகளோட வேகத்தை முடிவு பண்றது அஞ்சே அஞ்சு எண்கள்தான். தன்னிச்சையா முளைக்கிற அளவு, முளைச்சது பெருகற அளவு, ஓரம் பரவற அளவு, ரோட்டோட ஈர்ப்பு, சரிவு எவ்வளவு தடுக்குதுங்கறது. ஒவ்வொண்ணும் 0லேருந்து 100 வரைக்கும் இருக்கலாம், ஊருக்கு ஊர் மாறும், மலை ஓரத்து ஊருக்கும் சமவெளி ஊருக்கும் ஒரே எண் பொருந்தாது. சரி, நம்ம ஊருக்கு எந்த எண்? அதை யாரும் குத்துமதிப்பா சொல்றதில்ல, பழைய மேப்புல ஆரம்பிச்சு ஓட்டி, இன்னிக்கு நிஜமா இருக்கிற மேப்போட எது நல்லா ஒத்துப்போகுதுன்னு பாப்பாங்க. அஞ்சு எண்ணையும் எல்லா விதத்துலயும் மாத்தி மாத்திப் பாத்தா 1,051 கோடி சேர்க்கை வரும், அத்தனையும் ஓட்ட முடியாதுன்னு முதல்ல 0, 25, 50, 75, 100னு தாவித் தாவி 3,125 சேர்க்கையை மட்டும் ஓட்டி, நல்லா வந்தது பக்கத்துல மட்டும் மறுபடி நுணுக்கமா தேடுவாங்க. நேரமெல்லாம் இங்கதான் போகும்.

எண்கள் கிடைச்சதும் எதிர்காலத்துக்கு ஓட்டலாம். இங்க ஒண்ணு கவனிக்கணும், விதியெல்லாம் வாய்ப்புக் கணக்குல ஓடறதால ஒவ்வொரு தடவையும் வேற மேப் வரும். அதனால நூறு தடவை ஓட்டி, இந்தக் கட்டம் நூத்துல எத்தனை தடவை கட்டடமா மாறிச்சுன்னு எண்ணி அதுக்கு ஏத்த மாதிரி கலர் அடிப்பாங்க. கடைசியில கையில கிடைக்கிற மேப் இது நடக்கும்னு சொல்லாது, இங்க நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு மட்டும்தான் சொல்லும். பத்திரிகையில இந்த மேப் வரும்போது 2040ல சென்னை இப்படித்தான் இருக்கும்னு தலைப்பு போடறது அதனாலதான் தப்பு.

அப்ப பிளானிங்குக்கு இது எப்படி உதவும்? கட்டக்கூடாத இடங்களோட அந்த ஒரு லேயர்லதான் விஷயமே இருக்கு. அதுல 100 போட்டா அந்தக் கட்டத்துல எதுவும் கட்ட முடியாது, 0 போட்டா தடையே இல்ல, நடுவுல 50, 80ன்னு போட்டா அந்த அளவுக்குத் தடை. வாஷிங்டன்-பால்டிமோர் பகுதிக்கு கிளேர் ஜான்ட்ஸும் அவரோட குழுவும் செஞ்சது இதுக்கு நல்ல உதாரணம். அங்க பக்கத்துல செசபீக் விரிகுடா இருக்கு, ஊர் பரவப் பரவ கான்கிரீட் மேல ஓடற அழுக்குத் தண்ணி எல்லாம் அதுலதான் போய்ச் சேரும். 1986லேருந்து 2000 வரைக்குமான செயற்கைக்கோள் படங்களை வச்சு மாடலை ஊருக்குப் பொருத்திட்டு, 2030 வரைக்கும் மூணு விதமா ஓட்டினாங்க. இப்ப போற போக்குலயே விட்டா, கொஞ்சம் கட்டுப்படுத்தினா, இயற்கைக்கு முதலிடம் கொடுத்தா. ஆரம்ப மேப் ஒண்ணுதான், மாத்தினது முக்கியமா எதை எவ்வளவு காப்பாத்தறோம்ங்கற அந்த லேயரை. மூணு மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா கொள்கைக்கும் மண்ணுக்கும் இருக்கிற தொடர்பு கண்ணுக்கே தெரியுது. அந்த லேயருக்கு கம்ப்யூட்டர் எண் போடறதில்ல, மனுஷங்கதான் போடறாங்க, எந்த ஊர்ல யார் சிமுலேஷன் காட்டினாலும் நான் முதல்ல கேக்கற கேள்வி அதைப் பத்தித்தான்.

ஏன்னா மாடல் பழசைப் பாத்துத்தான் கத்துக்குது. சென்னையில இருக்கிற பள்ளிக்கரணை கழிவெளியை, அதாவது சதுப்பு நிலத்தை எடுத்துக்கோங்க, சுத்துப்பட்டு ஏரிகளோட உபரித் தண்ணி அங்க வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல இறங்கி கோவளம் பக்கம் கடலுக்குப் போகும். அதோட பெரும்பகுதி போன சில பத்து வருஷத்துல கட்டடமாவும் ரோடாவும் குப்பைமேடாவும் ஆயிடுச்சு. இந்தப் படங்களை அப்படியே மாடலுக்குக் கொடுத்தா, சமமான தரை, பக்கத்துலயே ரோடு, ஓரத்துல கட்டடம், ஆகா வளர்றதுக்கு அருமையான இடம்னுதான் அது கத்துக்கும். நம்ம பண்ணின ஆக்கிரமிப்பு அதுக்கு வளர்ச்சி விதியா தெரியும். தடுக்கணும்னா நாமதான் 100 போடணும். 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல, சேந்தது சுமார் 1,248 ஹெக்டேர், அதுக்கு 100 போட யாரும் தயங்க மாட்டாங்க. எல்லைக்கு வெளிய இருக்கிற தாழ்வான நிலத்துக்கு, ஏரியோட நீர்ப்பிடிப்புக்கு, போக்கு கால்வாய் கரைக்கு என்ன எண்ணுங்கறதுலதான் சண்டையே.

ஸ்லூத்துக்கு பணம் தெரியாது, நிலத்தோட விலை, யாரு வாங்கறாங்க, வேலை எங்க இருக்குங்கறது எதுவும் அதுக்குள்ள இல்ல. அதுக்குத்தான் பால் வாடெல் உருவாக்கின அர்பன்சிம் மாதிரி மாடல்கள், அதுல குடும்பம், கம்பெனி, பில்டர் எல்லாரும் தனித்தனியா முடிவெடுப்பாங்க. ஒரிகான்ல யூஜீன்-ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 1980ல ஆரம்பிச்சு 1994 வரைக்கும் ஓட்டி நிஜத்தோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியோட 2013 திட்டத்துக்கும் பயன்படுத்தினாங்க. ரோட்டை அகலப்படுத்தினா நிலம் விலை ஏறி, ஆளுங்க வந்து, ரோடு மறுபடி நெருக்கடியாகற சுழற்சியை இதுல பாக்கலாம். ஆனா டேட்டா எக்கச்சக்கமா வேணும், பெரிய மாடல்கள் டேட்டாவைத் தின்னும், செலவும் அதிகம்னு நகரத் திட்டமிடல் ஆய்வாளர் டக்ளஸ் லீ 1973லயே திட்டித் தீர்த்துட்டாரு, அந்தக் குறையில பாதி இன்னும் அப்படியேதான் இருக்கு.

வளர்ச்சி மேப் வந்ததும் வேலை முடியறதில்ல, அதை வெள்ள மாடலுக்குள்ள கொடுக்கணும். ஒரு ஹெக்டேர்ல 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா அது 10 லட்சம் லிட்டர். மண்ணா இருந்தா ஒரு பங்கு உள்ள இறங்கும், மொட்டை மாடியும் சிமெண்ட் ரோடுமா இருந்தா பெரும்பகுதி ஓடித்தான் ஆகணும், 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல பெஞ்சது சுமார் 49 சென்டிமீட்டர். எந்தக் கட்டம் கட்டடமானா எந்தத் தெருவுல எத்தனை அடி தண்ணி நிக்கும்னு அப்ரூவல் கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க இதை விட்டா வேற நல்ல வழி எனக்குத் தெரியல.

சென்னை பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டர்லேருந்து 5,904ஆ விரிக்க 2022ல அரசாணை வந்துச்சு, 2008ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளானோட இலக்கு 2026, மூணாவது தயாராகிட்டிருக்கு. புதுசா சேர்ற பகுதியில நிறைய இடம் இன்னும் வயலும் ஏரியுமா இருக்கு, அதாவது எண்ணை நாம போடறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. வரைவுத் திட்டம் வந்தா மக்கள்கிட்ட ஆட்சேபணை கேக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அப்ப வெறும் கலர் மேப்பை மட்டும் பாத்துட்டு வராதீங்க, சிமுலேஷன் ஓட்டினீங்களா, ஓட்டியிருந்தா எந்த சர்வே நம்பருக்கு 100, எதுக்கு 50, ஏன்னு கேளுங்க. ஸ்லூத்துக்குக் கொடுக்கிற அந்த லேயர் வெறும் கறுப்பு வெள்ளை ஜிஃப் படம்தான், எந்த போன்லயும் திறக்கும்.