குளூட்டமேட்: பசையில பொறந்த பேரு, முதுகுத்தண்டுல பாக்குற வேலை

பெரியம்மாவுக்கு போன வருஷம் அக்கி வந்துச்சு, விலாவுல ஒரு பக்கமா பட்டையா கொப்புளம், ஊர்ல குயவர்கிட்ட போய் காவி எழுதிட்டு வந்தாங்க, டாக்டரையும் பாத்தாங்க, கொப்புளம் காஞ்சு உதிர்ந்தும் போச்சு, ஆனா வலி மட்டும் போகல. ஜாக்கெட் துணி லேசா உரசுனாலே "திகுதிகுன்னு எரியுதுடா"ம்பாங்க. டாக்டர் எழுதுன மாத்திரை பிரிகாபலின். அது என்னதான் பண்ணும்னு படிக்கப் போனா எங்க பாத்தாலும் குளூட்டமேட், குளூட்டமேட். நமக்கு அது அஜினோமோட்டோ பாக்கெட்டுல பாத்த பேரு, முதுகுத்தண்டுல அதுக்கு என்ன ஜோலி?

முதல்ல பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம். லத்தீன்ல குளூட்டன்னா பசை. கோதுமைல இருக்க இழுவைக்கும் அதே பேருதான். வீட்ல அல்வாவுக்கு கோதுமைய ஊறவச்சு அரைச்சு பால் பிழிஞ்சிருந்தா தெரியும், கடைசில கைல சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கிட்டு ஒன்னு வராம அடம்புடிக்கும்ல, அதான் குளூட்டன். 1866ல ஜெர்மன் வேதியியலாளர் ரிட்ஹவுசன் அந்த குளூட்டனை அமிலத்துல உடைச்சு ஒரு அமினோ அமிலத்தை பிரிச்செடுத்தாரு, அதான் குளூட்டாமிக் அமிலம். உடம்புக்குள்ள அது ஒரு ஹைட்ரஜனை விட்டுட்டு அயனியா திரியும்போது பேரு குளூட்டமேட், அந்த "ஏட்" சல்ஃபேட், நைட்ரேட்ல வர்ற அதே வால்தான். 1908ல ஜப்பான்ல வேதியியலாளர் இகெடா கடல்பாசி சூப்போட ருசிக்கு இதுதான் காரணம்னு கண்டுபிடிச்சு உமாமின்னு பேர் வச்சாரு, அடுத்த வருஷமே அஜினோமோட்டோ கடைக்கு வந்துடுச்சு.

நரம்பு கதை இதுக்கெல்லாம் ரொம்ப பிந்தி. 1959ல ஆஸ்திரேலியாவுல கர்ட்டிஸ், ஃபிலிஸ், வாட்கின்ஸ் மூணு பேரும் பூனையோட முதுகுத்தண்டு நரம்பு செல்மேல குளூட்டமேட்டை விட்டுப் பாத்தா செல் படபடன்னு துடிக்குது. ஆனா இது சாப்பாட்டு சாமான், எல்லா செல்லுலயும் கெடக்குது, இதுவா நரம்பு சேதி கொண்டு போகும்னு விஞ்ஞானிங்க ரொம்ப நாள் நம்பவே இல்ல.

சரி, வலில இதோட பங்கு என்ன. தோல்ல இருந்து வர்ற உணர்வு நரம்போட செல், முதுகெலும்பை ஒட்டி ஒரு முடிச்சுக்குள்ள உக்காந்திருக்கு (அக்கி வைரஸ் வருஷக்கணக்கா ஒளிஞ்சிருக்கறதும் அந்த முடிச்சுலதான்). அதோட ஒரு கை தோலுக்கு, இன்னொரு கை முதுகுத்தண்டுக்கு. சூடு பட்டா தண்டுப்பக்க முனை குளூட்டமேட்டை கொட்டும், எதிர்ல இருக்க செல்லுல அதை வாங்குற வாசல், ஆம்பா ஏற்பின்னு பேரு, அது திறந்து சோடியம் உள்ள போகும், சுரீர்னு ஒரு வலி, முடிஞ்சது. பக்கத்துலயே என்எம்டிஏன்னு இன்னொரு ஏற்பி இருக்கு, அதோட வாசல்ல மக்னீசியம் ஒன்னு கார்க் மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்கும், சாதாரண நாள்ல அது அவ்வளவா திறக்காது. நரம்பு அடிபட்டா என்ன ஆகுதுன்னா, யாரும் தொடாமலே அது பாட்டுக்கு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும், குளூட்டமேட் விடாம கொட்டும், எதிர் செல்லோட மின்னழுத்தம் ஏறி அந்த கார்க் தெறிச்சிடும், கால்சியம் உள்ள பாயும், அதுக்கப்புறம் அந்த செல்லு சுபாவமே மாறிடுது, துணி உரசுற சேதிகூட வலியா மேல போகுது. போதாக்குறைக்கு சிந்துன குளூட்டமேட்டை உறிஞ்சி எடுக்குற துணை செல்களும் வேலைய குறைச்சுக்குதுன்னு அடிபட்ட எலிகள்ல பாத்திருக்காங்க. தண்டுல நடக்குற இந்த மாத்தத்தை 1983ல வலி ஆராய்ச்சியாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் காட்டுனாரு. பிரிகாபலின் அந்த கொட்டுற முனைல கால்சியம் நுழையுற வழிய இறுக்குது, கொட்டுற அளவு குறையுது, அவ்ளோதான். பெரியம்மா ஃப்ரைடு ரைஸை நிறுத்திட்டாங்க, அது தேவையே இல்ல, சாப்பிடுற குளூட்டமேட் குடல்லயே பெரும்பாலும் செலவாகிடும், மிச்சத்தையும் மூளை, தண்டுக்குள்ள ரத்தக்குழாய் சுவர் லேசுல விடாது.

இப்ப தமிழுக்கு என்ன சொல்றது? பேரோட வேரைப் பாத்து "பசைய அமிலம்"னு வச்சா நரம்பை ஒட்டவைக்கிற ஏதோன்னு நினைச்சுப்பாங்க, சோடியத்தை அப்படியே வச்சுக்கிட்ட மாதிரி இதையும் வச்சுக்கலாம்னுதான் என் கட்சி. ஆனா "க்ளூ"ன்னு ஆரம்பிக்காதீங்க, தமிழ்ல மெய்யெழுத்து சொல் முதல்ல வராது, குளூட்டமேட்னு எழுதுனா போதும். நரம்புக்கு நரம்பு சேதி கடத்துற அதோட வேலைக்கு நரம்பியக்கடத்தி இருக்கு, வாங்குறதுக்கு ஏற்பி இருக்கு, ரெண்டும் நல்ல வார்த்தை. பாடாவதி அலோடினியாதான், துணி உரசுனாலே வலிக்குதுல்ல, அதுக்கு டாக்டருங்க சொல்ற பேரு, கிரேக்கத்துல "வேற வலி"ன்னு அர்த்தம், கேட்டா ஒன்னும் புரியாது. அதுக்கு "தொடுவலி" வைக்கலாமான்னு பெரியம்மாகிட்ட கேட்டேன், "தொடவே வேணாம்டா, காத்து பட்டாலே போதும்"னுட்டாங்க.