முக்கியும் வராத குட்டி

அத்தை வீட்டில் இருந்த கன்னி என்ற இனத்து வெள்ளாட்டுக்கு அது இரண்டாவது ஈத்து. பனிக்குடம் உடைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. படுக்கிறது, எழுகிறது, கழுத்தை நீட்டிக் கத்தி முக்குகிறது. வெளியே தெரிவதோ இரண்டு குளம்புகள் மட்டும். பக்கத்து வீட்டு அண்ணன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கத் தயாராகிவிட்டார். அதற்குள் அத்தை ஆள் அனுப்பி, ஊரிலேயே இருந்த ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவரைக் கூட்டிவந்துவிட்டார். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏப்பா, கொஞ்சம் பொறு. இது ரெண்டும் ஒரே குட்டியோட காலு இல்ல" என்றார்.

ஒரு குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்திருந்தது, இன்னொன்று வானத்தை. முதலாவது ஒரு குட்டியின் முன்னங்கால். மற்றது அதன் கூடப்பிறந்ததன் பின்னங்கால். ஒரே வாசலில் இரண்டு பேர் ஒன்றாக நுழையப் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் இழுத்திருந்தால் இரண்டும் இடுப்பெலும்புக்குள் ஆப்பு மாதிரி இறுகியிருக்கும்.

வெள்ளாடு பெரும்பாலும் நம்மை எதிர்பார்க்காமலே குட்டி போட்டுவிடும். விடிந்து பட்டிக்குப் போனால் குட்டி மடியை முட்டிக்கொண்டிருக்கும். எப்போதாவது பாதியில் நின்றுபோகும் பிரசவத்தில், எங்கே நின்றது என்று பார்க்காமல் கைவைப்பதால் வரும் சேதமே அதிகம். அதைப் பார்க்கத் தெரிய வேண்டுமானால், பிரசவம் எப்படி ஓடுகிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அதை ஆரம்பித்து வைப்பது யார்? 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மலைமேய்ச்சலில் சில செம்மறிகள் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு குட்டி ஈன்றன. சினைப்பட்ட பதினான்காம் நாள் வாக்கில் தாய் ஆடு வெராட்ரம் என்ற காட்டுச் செடியைத் தின்றதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதைவிட வினோதம், அப்படிப்பட்ட குட்டியைச் சுமந்த சில ஆடுகள் நாள் கடந்தும் ஈனவே இல்லை. குட்டியின் மூளை சரியாக உருவாகாததால் அதற்கு மூளையடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி அமையவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1960களில் இதைச் சோதித்தே பார்த்தார். கருவிலிருக்கும் செம்மறிக் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் பிரசவம் தள்ளிப்போனது. குட்டிக்குக் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் செலுத்தினால் முன்கூட்டியே வந்தது. ஆக, நாள் குறிப்பது வயிற்றிலிருக்கும் குட்டி. (அப்படி முன்கூட்டிப் பிறந்த குட்டிகளின் நுரையீரல் எதிர்பார்த்ததைவிட நன்றாக விரிந்திருந்ததையும் லிகின்ஸ் கவனித்தார். குறைமாதக் குழந்தை பிறக்கும் அபாயமுள்ள தாய்மார்களுக்கு இன்று போடும் ஸ்டீராய்டு ஊசியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.)

வெள்ளாட்டிலும் கதை ஏறக்குறைய இதுதான். சினைக்காலம் சுமார் 150 நாள். அத்தனை நாளும் கருப்பையைத் தூங்க வைத்திருப்பது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். செம்மறியில் பாதி வழியிலேயே அந்த வேலையை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்ளும். வெள்ளாட்டில் கடைசி நாள் வரை சூலகத்தில் இருக்கும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திட்டுதான் அதைச் சுரந்தாக வேண்டும். குட்டி முற்றியதும் அதன் உடம்பில் கார்டிசால் கூடும். அது நஞ்சுக்கொடியை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பக்கம் திருப்பும். அதைத் தொடர்ந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு சுரப்பு மஞ்சள் திட்டைக் கரைத்துவிடும். புரொஜெஸ்டிரோன் விழும், கருப்பை விழித்துக்கொள்ளும்.

இந்த மாற்றத்தைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். வாலடியின் இரு பக்கமும் பென்சில் கனத்தில் இறுக்கமாக இருக்கும் தசைநார்கள் குழைந்து, தடவினால் கைக்கு அகப்படாமல் போய்விடும். வாலடியில் குழி விழுந்தது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். அது நடந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும்.

அடுத்து வருவது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், தரையைக் காலால் பறிக்கும், தன் விலாவைத் திரும்பிப் பார்க்கும், சளி மாதிரி வடியும். ஆனால் முக்காது. இந்த நேரத்தில் கருப்பை வாய் திறந்துகொண்டிருக்கிறது. தலையீத்து ஆட்டுக்கு இது 12 மணி நேரம்கூட ஆகலாம். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நமக்கு இங்கே வேலை இல்லை. ஐந்து பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் பயத்திலேயே ஆடு பிரசவத்தை நிறுத்தி வைக்கும். இது வெறும் பேச்சில்லை. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பைச் சுருக்கத்தைத் தளர்த்திவிடும்.

வாய் திறந்து, குட்டியின் தலையும் முன்னங்கால்களும் அதில் வந்து அழுந்தியதும் ஒரு சுழல் தொடங்குகிறது. அழுத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகும், மூளை ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை விடும், கருப்பை இன்னும் வேகமாகச் சுருங்கும், குட்டி இன்னும் அழுந்தும். 1941இல் இதை விவரித்த விஞ்ஞானியின் பெயரால் ஃபெர்குசன் அனிச்சைச் செயல் என்பார்கள். இரண்டு முன்னங்கால், அவற்றின் மேல் மூக்கு என்று வருகிற குட்டி ஒரு கூம்பு மாதிரி. வாயை நன்றாக அடைத்து அழுத்தும். முக்கல் தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் குட்டி தரையில் கிடக்கும்.

அழுத்த எதுவும் வராவிட்டால்? பின்பக்கமாகத் திரும்பி, கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வருவது வால் மட்டும். கூம்பு இல்லை, அழுத்தம் இல்லை, சுழல் வலுப்பதில்லை. ஆடு பேருக்கு இரண்டு முறை முக்கிவிட்டுப் படுத்து அசைபோட ஆரம்பிக்கும். வீட்டில் இருப்பவர்கள், "இன்னும் நேரம் இருக்கு" என்று தூங்கப் போய்விடுவார்கள். நின்ற பிரசவம் என்றால் ஆடு துடித்துக்கொண்டே இருக்கும் என்று நினைப்பது தவறு. சத்தமில்லாமல் நிற்பதுதான் அதிகம் ஏமாற்றுகிறது.

அதனால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி ஆகியும் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை, பனிக்குடம் உடைந்து ஒரு மணி ஆகியும் குட்டி வரவில்லை, ஒரு குட்டி போட்ட பிறகு அரை மணியாக இன்னும் முக்குகிறது என்றால் என்னவென்று பார்த்தாக வேண்டும். நாற்றமடிக்கும் பழுப்பு நீர் வந்தாலோ, தலை மட்டும் வெளியே வந்து நாக்கு வீங்கித் தொங்கினாலோ கடிகாரமே வேண்டாம், உடனே ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். இரவில் வண்டி வருமா, பக்கத்தில் எந்த மருத்துவர் வருவார் என்பதையெல்லாம் ஆடு நிறைசினையாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் வர நேரமாகும், கைவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால், சின்னக் கை உள்ளவர் பார்ப்பது நல்லது. நகம் வெட்டி, மோதிரம், வளையல் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, கையுறை போட்டு, லிக்விட் பாரஃபினோ மருத்துவர் தரும் ஜெல்லோ தாராளமாகத் தடவிக்கொள்ள வேண்டும். கையுறை ஆட்டுக்காக மட்டும் இல்லை. 1905இல் மால்டா தீவில் தெமிஸ்டோக்ளிஸ் ஜம்மிட் என்ற மருத்துவர், அங்கே பலரை வாட்டிய விடாக் காய்ச்சலின் கிருமி ஆடுகளிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். புரூசெல்லா என்ற அந்தக் கிருமி இன்னும் நம் ஆடுகளிலும் உண்டு, பிரசவ நீரில் ஏராளமாக இருக்கும். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது.

விரல்களைக் குவித்து, முக்கலுக்கும் முக்கலுக்கும் நடுவே மெதுவாக உள்ளே போனால் முதலில் பார்க்க வேண்டியது கருப்பை வாய். இறுக்கமான வளையம் மாதிரி இரண்டு விரல் மட்டும் நுழைகிறதென்றால் அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். ஒன்று, நாம் அவசரப்பட்டிருக்கிறோம். அல்லது வாய் திறக்க மறுக்கும் கோளாறு. இரண்டாவதானால் மருந்தா, அறுவையா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த வளையத்தின் வழியாக இழுத்தால் கிழியும், கிழிந்தால் ஆடு போய்விடும்.

வாய் திறந்திருந்தால், தொட்டதெல்லாம் என்ன என்று அடையாளம் காண வேண்டும். குளம்பின் அடிப்பாகத்தை மட்டும் நம்ப முடியாது, குட்டி மல்லாந்தும் இருக்கலாம். குளம்புக்கு மேலுள்ள மூட்டையும் அதற்கடுத்த மூட்டையும் மடக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இரண்டு காலும் ஒரே குட்டியுடையதா என்பதற்கு, ஒரு காலோடு ஒட்டியே விரலைக் கொண்டுபோய் தோள், நெஞ்சு, மறுதோள் என்று சுற்றி அடுத்த காலுக்கு வந்து சேர வேண்டும். வேறு சுருக்கு வழி கிடையாது.

திருத்தும் வேலையில் முக்கால்வாசி, இழுப்பதற்கு நேர் எதிரானது: உள்ளே தள்ளுவது. இடுப்பெலும்பு வளையத்துக்குள் இடமே இல்லை. மடங்கிய காலையோ திரும்பிய தலையையோ அங்கே வைத்து நிமிர்த்த முடியாது. முக்கல் ஓய்ந்த நேரம் பார்த்துக் குட்டியைப் பின்னுக்குத் தள்ளி, கருப்பைக்குள் கிடைக்கும் இடத்தில் திருத்த வேண்டும். மடங்கிய காலை நீட்டும்போது குளம்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ள வேண்டும். கருப்பைச் சுவர் அந்த நேரத்தில் மெல்லியது, குளம்பு நுனி போதும் கிழிக்க. சரியாக வந்தபின் இழுப்பது ஆடு முக்கும்போது மட்டும், அதுவும் ஆட்டின் பின்னங்கால் முட்டிகளை நோக்கிச் சரிவாகக் கீழே. ஒரு காலை முன்னே, அடுத்ததைக் கொஞ்சம் பின்னே என்று மாற்றி மாற்றி இழுத்தால் தோள்கள் ஒவ்வொன்றாக வளையத்தைத் தாண்டும்.

பின்னங்கால் இரண்டும் நீட்டிக்கொண்டு வருகிற குட்டியைத் திருப்ப நினைக்காதீர்கள். அது அப்படியே வரலாம். இடுப்பு வெளியே வந்ததும் மட்டும் தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி நசுங்கும்போது குட்டியின் தலை இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது, அங்கேயே மூச்சிழுத்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் முயன்றும் எதுவும் நகரவில்லை என்றால் விட்டுவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு இடது விலாவில் திறந்து மருத்துவர் குட்டியை எடுப்பார். இடப்பக்கம் ஏன் என்றால், பெரிய இரைப்பை அந்தப் பக்கம் சுவர் மாதிரி நின்று குடல் வெளியே சரியாமல் தடுக்கும்.

குட்டி சரியாக இருந்து, வாயும் திறந்து, கருப்பைக்கு மட்டும் தெம்பில்லாமல் நிற்பதும் உண்டு. தசை சுருங்க ரத்தத்தில் கால்சியம் வேண்டும். கடைசி ஆறு வாரத்தில் குட்டிகள் எலும்பு கட்டத் தாயின் கால்சியத்தை உறிஞ்சுகின்றன. காது சில்லிட்டு, தள்ளாடி, முக்க மனமில்லாமல் படுத்திருக்கும் ஆட்டைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கால்சியம் ஏற்றினால் சில நேரம் சிறிது நேரத்திலேயே முக்கத் தொடங்கிவிடும். அதை ரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், எனவே அது மருத்துவர் கை வேலை.

ஆக்ஸிடோசின் ஊசியை நாமே வாங்கிக் குத்துவது பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. வலி வரவில்லை, வலி ஊசி போடு என்று கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் குட்டி குறுக்கே கிடக்கும்போதோ வாய் மூடியிருக்கும்போதோ அதைப் போட்டால், கருப்பை பூட்டிய கதவில் முட்டி முட்டித் தானே கிழியும். சுருக்கம் இறுக இறுகக் குட்டிக்குப் போகும் ரத்தமும் குறையும். வழி திறந்திருக்கிறது என்று கைவிட்டு உறுதி செய்த பிறகு போட வேண்டிய மருந்து அது.

அத்தை வீட்டில் இந்த ஊசியோ அறுவையோ எதுவும் தேவைப்படவில்லை. முன்னங்கால் காட்டிய குட்டியை ஆய்வாளர் பின்னுக்குத் தள்ளினார். பின்னங்கால் காட்டியதன் மறுகாலைத் தேடிப் பிடித்து அதை முதலில் எடுத்தார்; திருத்த வேண்டிய தலை இல்லாததால் அதுதான் சுலபம் என்றார். மூக்கைத் துடைத்து வைக்கோல் துரும்பால் மூக்குத் துளையைக் குத்தியதும் தும்மியது. அடுத்தது கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தது. மடிக்கு முன்னால் வயிற்றை இரு கையாலும் தூக்கிப் பார்த்து, கெட்டியாக எதுவும் இடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். தொப்புளில் அயோடின் வைத்தார். உள்ளே கை விட்டுப் பார்த்த ஆடு என்பதால் காலையில் மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாட்டிக் போடச் சொன்னார். வெள்ளாட்டுக் குட்டிக்கு நோய் எதிர்ப்புப் புரதம் கருவில் கிடைப்பதில்லை, சீம்பாலில் மட்டும்தான் என்று சொல்லி, நிற்கத் தடுமாறிய மூத்ததை அவரே பிடித்து மடியில் ஊட்ட வைத்தார்.

அண்ணனின் துண்டு குட்டிகளைத் துடைக்கப் பயன்பட்டது. நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருந்ததை அவர் இழுக்கப் போனபோது மட்டும் ஆய்வாளர் ஒரு சத்தம் போட்டார். பன்னிரண்டு மணி நேரம் வரை அதைத் தொடாதே, அதற்கப்புறமும் விழாவிட்டால் சொல் என்றார். விடியுமுன் தானாக விழுந்துவிட்டது. நாய் இழுத்துப் போகாதபடி அத்தை அதை வேலியோரம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்.