பகாங்கின் ஆற்றுச் சுறாக்கள்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், மெந்தகாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளிடம் டைனோசர் எங்கே வாழ்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்கா, சீனா என்பார்கள். நம் பகாங்கிலும் வாழ்ந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மலாயாப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 2014-இல் அறிவித்த முதல் சான்று, சுமார் 23 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்பைனோசர் என்ற மீன் தின்னும் டைனோசர் வகையின் ஒரு பல். அப்புறம் தழை தின்னும் டைனோசரின் பல்லும், நன்னீர்ச் சுறாக்களின் பற்களும் கிடைத்தன.

பல்லை வைத்து ஒரு காலத்தையே மீட்க முடியுமா? முடியும். பல்லின் மேலுறையான எனாமல் எலும்பைவிடக் கெட்டி. அதனால் நிலைத்து நிற்கிறது. டைனோசருக்கும் சுறாவுக்கும் பல் விழுந்து விழுந்து முளைக்கும் என்பதால், பத்துப் பல் கிடைத்தால் பத்து விலங்கு என்று கணக்கிடக் கூடாது.

பல்லின் வடிவம் உணவைச் சொல்லும். ஸ்பைனோசர் பல் கூம்பு போன்றது, நெடுக வரிகள் ஓடும். வழுக்கும் மீனைப் பிடிக்கத் தோதானது. எனாமலில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளும், அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களும், இதற்குத் துணை நிற்கின்றன. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பைனோசர் பற்களில் அவற்றின் விகிதம் முதலை, ஆமைகளின் விகிதத்தோடு ஒத்துப்போனது. அதாவது பெரும்பொழுதை நீரிலேயே கழித்திருக்கிறது. ஹெட்டெரோப்டிகோடஸ் என்ற சுறாவின் பல்லோ தட்டையானது, ஓடு நொறுக்குவது. அப்படியென்றால் அந்த ஆற்றில் சிப்பியோ நத்தையோ இருந்திருக்க வேண்டும். தின்றதன் பல்லிலிருந்தே தின்னப்பட்டதையும் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

இதே வகைச் சுறாக்கள் தாய்லாந்தின் கோராட் மேட்டுநிலத்து ஆற்றுப் படிவுகளிலும் உண்டு. அந்த ஒற்றுமை வயதைக் கணிக்க உதவியது: டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரிடேசியஸ் காலத்தின் முற்பகுதி, 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்.

ஒரே பாறையில் கிடைத்தவை எல்லாம் ஒரே இடத்தில் வாழ்ந்தவையா என்பதுதான் சிக்கல். வெள்ளம் வடிந்த பின் ஆற்றங்கரையில் எந்தெந்தத் தோட்டத்துச் சாமான்களோ ஒன்றாகக் கிடக்குமே, அந்த மாதிரிதான். பல்லின் விளிம்பு மழுங்கியிருந்தால் தூரத்திலிருந்து உருண்டு வந்திருக்கலாம். ஆனால் எனாமல் எளிதில் தேயாது. அதை மட்டும் நம்பிவிட முடியாது. கூடவே படிந்த மணல் துகள்களின் பருமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செடிகொடிகளைக் காட்டுவது மகரந்தம். இரும்பு துருவேறிச் சிவந்த படிவுகளில் அது பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால், அதைச் சாம்பல் நிறக் களிமண் அடுக்குகளில்தான் தேட வேண்டும்.