அந்த முகவரிக் கட்டத்தில் எந்த முகவரியைப் போட்டீர்கள்?

போன மாதம் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு என் போன் அடித்தது. அரிசோனாவிலிருந்து ஒரு தம்பி. மலேசியாவில் நம் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் பிள்ளை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு நாங்கள் அனுப்பி வைத்தவர். அங்கே அப்போது முந்தின நாள் காலை பதினொன்றரை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு பேசுகிறார். "அக்கா, 911க்கு அடிச்சேன், ஆம்புலன்ஸ் ஹோட்டலுக்குப் போயிடுச்சுக்கா" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

கூடத் தங்கியிருந்த பையனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் தீர்ந்துபோன நேரத்தில் மூச்சு முட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்குள் லைன் சரியாகக் கிடைக்காது, அதனால் வைஃபை வழியாகத்தான் எல்லா அழைப்பும் போகும். அமெரிக்க அவசர எண்ணான 911க்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. 911 கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கையில் மிச்சமிருந்தது திரையில் வந்த முகவரி மட்டும். அது இந்தத் தம்பி முதல் மூன்று வாரம் தங்கியிருந்த ஹோட்டலின் முகவரி. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, தன் போனிலிருந்து மறுபடியும் அழைத்து, கட்டட எண், வீட்டு எண் எல்லாம் சொன்ன பிறகுதான் வண்டி சரியான வாசலுக்கு வந்திருக்கிறது. பையன் பிழைத்துக்கொண்டார். அந்த நிம்மதியில்தான் இதை எழுதவே முடிகிறது.

வெளிநாட்டுக்குப் போகும் ஊழியர்களின் போன், சிம், அவற்றுக்கான பாரங்கள் (படிவங்கள்) எல்லாம் பன்னிரண்டு வருடமாக என் மேசையில்தான். கடந்த இரண்டு வருடத்தில் இது மூன்றாவது சம்பவம். மூன்றிலும் ஒரே தப்பு. அமெரிக்க சிம்மில் வைஃபை அழைப்பைத் திறக்கும்போது அவசர முகவரி என்று ஒரு கட்டம் வருமே, அதில் கைக்கு வந்த முகவரியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது. ஒருவர் ஹோட்டல் முகவரி போட்டார். இன்னொருவர் டெக்சஸில் இருந்துகொண்டு கலிபோர்னியாவில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டார், கேட்டால் "கடிதம் தொலையாம வரும்ல" என்கிறார். மூன்றாமவர் சிம் வாங்கிய கடையின் முகவரியையே போட்டு வைத்திருந்தார்.

கடிதத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பில் முகவரி வேறு, இது வேறு. நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்கு நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் பதில் அது.

இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், படித்த பிள்ளைகள், பொறியாளர்கள்: "போன்லதான் ஜிபிஎஸ் இருக்கே அக்கா, அவங்களுக்குத் தானா தெரியாதா?" இந்த ஒரு நினைப்புதான் இத்தனைக்கும் காரணம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியிலிருந்து 911க்கு அழைத்தால் அழைப்பவர் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. விதி போட்டது 1996இல். முதல் கட்டத்தில் கிடைத்தது திருப்பி அழைக்க எண்ணும், எந்தக் கோபுரத்திலிருந்து அழைப்பு வந்தது என்பதும்தான். இரண்டாம் கட்டத்தில் இடத்தையே காட்ட வேண்டும், ஆனால் அதற்கு அனுமதித்த பிசகு தொழில்நுட்பத்தைப் பொறுத்து 50 மீட்டரிலிருந்து 300 மீட்டர் வரை. கட்டடங்களுக்குள்ளிருந்து வரும் அழைப்புகளையும் மனதில் வைத்து 2015இல் விதியை இறுக்கினார்கள், கெடுவின் முடிவில் 80 விழுக்காடு அழைப்புகளுக்கு 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று. சரி, 50 மீட்டர் என்றால் எவ்வளவு? ஆயர் ஈத்தாமில் ரைபிள் ரேஞ்ச் பிளாட் நடுவில் நின்று 50 மீட்டர் தூரத்துக்குச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் எத்தனை கதவு வரும், அதுவும் ஒரு மாடிக்கு மட்டும்? உயரத்துக்கு 2019இல் தனியாக ஒரு அளவு வைத்தார்கள், மேலே 3 மீட்டர் அல்லது கீழே 3 மீட்டர், அதுவும் 80 விழுக்காடு அழைப்புகளுக்கு. மூன்று மீட்டர் என்பது ஒரு மாடி. அதோடு கிடைப்பது உயரக் கணக்கு, பன்னிரண்டாம் மாடி என்று யாரும் எழுதித் தருவதில்லை. மாடிப்படியில் ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு மாடி எண்தான் வேண்டும்.

இதெல்லாம் கோபுரம் வழியாகப் போகும் அழைப்புக்கு. வைஃபை வழியாகப் போகும்போது நடுவில் கோபுரமே இல்லை, வீட்டு இணையத்தில் ஏறி எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகிறது. இப்போதைய போன்கள் தங்களுக்குத் தெரிந்த இடத்தையும் கூடவே அனுப்பப் பார்க்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நான்கு சுவருக்குள், லைனே எட்டாத மூலையில், அது சரியாக இருக்கும் என்று உயிரைப் பணயம் வைக்க முடியுமா? எந்த ஊர் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போக வேண்டும் என்பதைக்கூட நீங்கள் எழுதிய அந்த முகவரியை வைத்தே முடிவு செய்ய வேண்டி வரலாம்.

2008இல் கனடாவின் கல்கரி நகரில் நடந்ததை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆபத்து, வீட்டு இணையத் தொலைபேசியில் 911க்கு அழைத்தார்கள். அந்தக் குடும்பம் மிசிசாகாவிலிருந்து குடிமாறி வந்திருந்தது, கோப்பில் இருந்தது பழைய முகவரி. ஆம்புலன்ஸ் மிசிசாகா வீட்டுக்குப் போனது, நாட்டின் இன்னொரு கோடிக்கு. குழந்தை இறந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அறையில் யாரும் போனைத் தொடமாட்டார்கள், சொல்லி முடித்ததும் பாதிப் பேர் தங்கள் முகவரியைத் திறந்து பார்ப்பார்கள். அதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"அரசாங்கத்துக்கு வேறு வேலை இல்லை, பாரம் மேல பாரம்" என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத் தொலைபேசி விற்கும் நிறுவனங்கள், சேவையைத் தொடங்குவதற்கு முன்பே வாடிக்கையாளர் இருக்கும் இடத்தை வாங்கியாக வேண்டும், 911இல் உள்ள குறைகளைச் சொல்லி 'புரிந்தது' என்று ஒப்புதல் பெற வேண்டும், கருவியில் ஒட்ட எச்சரிக்கை ஸ்டிக்கர் தர வேண்டும் என்று எஃப்.சி.சி. உத்தரவிட்டது 2005இல். அந்த ஸ்டிக்கர்கள் பெட்டியோடு பெட்டியாக அலமாரியில் கிடப்பதை நான் எத்தனையோ அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். கைத்தொலைபேசியில் வைஃபை அழைப்புக்குக் கேட்கும் முகவரியும் இதே காரணத்துக்குத்தான். அப்புறம் இன்னொன்று, அமெரிக்காவில் ஒரு அரசு அமைப்பு நினைத்த மாத்திரத்தில் பாரம் நீட்டிவிட முடியாது. பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் ஆக்ட் என்று 1980இல் வந்து 1995இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது. பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே தகவலைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால், எதற்குக் கேட்கிறோம், நிரப்ப எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று அந்த அமைப்பே கணக்குக் காட்ட வேண்டும், முதலில் 60 நாள், பிறகு 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும், அனுமதி கிடைத்தாலும் அதிகபட்சம் மூன்று வருடம்தான், அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து. அவசர அழைப்பு தொடர்பான இந்தத் தகவல் சேகரிப்பும் அந்த வழியில்தான் வந்திருக்கிறது. இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து வைத்த கட்டத்தை நாம் இரண்டு விநாடியில் தாண்டிப் போகிறோம்.

அலுவலகத் தொலைபேசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஊருக்கும் சேர்த்து. 2013 டிசம்பரில் டெக்சஸ் மாநிலம் மார்ஷலில் ஒரு ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்படும்போது ஒன்பது வயது மகள் நான்கு தடவை 911 அடித்திருக்கிறாள். வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனார். அதன் பிறகு அந்தத் தாயின் பெயரில் வந்ததுதான் காரி சட்டம், 2018இல் கையெழுத்தாகி 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கே புதிதாகப் பொருத்தும் அலுவலகத் தொலைபேசிகளில் வேறு எந்த எண்ணும் அழுத்தாமல் நேராக 911 போக வேண்டும். இப்போது உங்கள் அலுவலகத்தைப் பாருங்கள். வெளி லைனுக்கு 9 அழுத்தும் வழக்கம் இருந்தால், நம் மலேசிய அவசர எண்ணான 999 என்று அடிக்கும்போது முதல் 9 லைனைப் பிடிப்பதற்கே போய்விடும், வெளியே போவது 99 மட்டும். இதற்கென்று தனியாக அமைத்து வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அமைத்திருக்கிறார்களா என்று தொலைபேசி பொருத்தியவரிடம் நாளைக்கே கேளுங்கள். தயவுசெய்து நீங்களே 999க்கு அடித்துச் சோதிக்காதீர்கள், அந்த நேரத்தில் உண்மையிலேயே ஒருவர் காத்திருப்பார்.

அமெரிக்கா போகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. போய் இறங்கிய அன்று ஹோட்டல் முகவரியைப் போடுங்கள், அறை எண்ணோடு. வீடு மாறிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பு, மாற்றுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் செல்லுலார், அதில் வைஃபை காலிங், அங்கேயே முகவரியைத் திருத்தும் இடம் இருக்கிறது. தெருப் பெயர் மட்டும் போதாது, கட்டட எண்ணும் வீட்டு எண்ணும் வேண்டும். மடிக்கணினியில் அலுவலக சாப்ட்போன் (கணினி வழியே பேசும் மென்பொருள்) இருந்தால் அதற்கு முகவரி தனி, போனில் மாற்றினால் அதில் மாறாது. வாசல் கதவின் உள்பக்கம் முகவரியைப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும், அரிசோனா தம்பிக்கு அதுதான் நடந்தது. அழைப்பு கிடைத்ததும் முதல் வாக்கியம் முகவரியாக இருக்கட்டும், என்ன நடந்தது என்பதெல்லாம் அப்புறம். சிம் இல்லாத பழைய போனைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள், அங்கே கட்டணத் திட்டமே இல்லாத போனிலிருந்தும் 911 போகும், ஆனால் அவர்களால் திருப்பி அழைக்க முடியாது.

இங்கே பினாங்கில் இருப்பவர்களுக்கும் அதே முதல் வாக்கியம்தான். சிம் வாங்கும்போது ஐசி (அடையாள அட்டை) கொடுத்துப் பதிந்தோமே, முகவரி அவர்களிடம் இருக்குமே என்று இருந்துவிடாதீர்கள். எத்தனை பேர் ஐசியில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி இருக்கிறது, அம்மாவின் சிம் மகன் பெயரில் இருக்கிறது! 999க்கோ 112க்கோ அழைத்தால் சாலைப் பெயரையும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரையும் பலகையில் உள்ளபடி மலாயில் சொல்லுங்கள். நாம் தண்ணீர்மலை என்போம், பலகையில் ஜாலான் கெபுன் புங்கா என்றுதான் இருக்கும். தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு இதை ஒரு தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வருகிற திங்கள்கிழமை இன்னும் நான்கு பேர் ஓரிகன் போகிறார்கள். நான்கு பேரின் பாஸ்போர்ட் உறைக்குள்ளும் ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதில் இரண்டு தேதி: இறங்கும் நாள், வீடு மாறும் நாள். இரண்டு நாளும் திருத்திய முகவரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். வராவிட்டால் அங்கே எத்தனை மணியாக இருந்தாலும் நான் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.