தலையங்கத்து உருவகங்கள்: எதற்குச் சாட்சி, எதற்கு இல்லை?

"திட்டத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்" என்று தலையங்கத்தில் படிக்கும்போது தேர்ச்சக்கரம் யார் நினைவுக்கும் வருவதில்லை. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவர் கைதேர்ந்தவர். அவர் இல்லாமல் தேர் திரும்பாது, நிற்காது. நாளிதழ்த் தமிழ் அந்தத் திறமையை விட்டுவிட்டுத் தடையை மட்டும் எடுத்துக்கொண்டது. 'தாரைவார்த்தல்' இன்னும் தூரம் போய்விட்டது. நீர் வார்த்துக் கொடுப்பது தானத்தை உறுதிசெய்யும் சடங்கு. கல்யாணப் பந்தலில் இன்றும் அப்படித்தான். 1974 கச்சத்தீவு ஒப்பந்தம் பற்றிய கட்டுரைகளிலோ அது குற்றச்சாட்டு.

இத்தகைய மாற்றத்தை ஆராய வருபவர்கள் முதலில் கேட்பது, 'எந்த ஆண்டு தொடங்கியது?' என்று. அச்சேறும் முன்பே பேச்சில் புழங்கியிருக்கலாம் என்பதால் கட்டுரைகள் அதற்கு நம்பகமான சாட்சி அல்ல. தேர்ச்சக்கரம் போல உருவகத்துக்குள் இருந்த படம் எப்போது மனத்திலிருந்து அழிந்தது என்பதை அவை நன்றாகச் சொல்லும். புதிய உருவகத்தை மேற்கோள் குறியோ 'போல', 'என்பார்களே' போன்ற துணையோ தாங்கிநிற்பதுண்டு. பழகப் பழக அவை உதிரும். பிறகு ஒருவர் "முட்டுக்கட்டைகள் கரைந்துவிட்டன" என்று எழுதுவார், கட்டை கரையுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மெய்ப்புத் திருத்துபவருக்கு அது பிழை. நமக்கோ படம் அழிந்ததைக் காட்டும் பொன்னான வரி.

ஒரு சொல் உருவகமா என்று தீர்மானிக்க, பிராகில்ஜாஸ் (Pragglejaz) என்ற உருவக ஆய்வாளர் குழு 2007இல் வெளியிட்ட வழிமுறை போதும். கட்டுரை முழுவதையும் படித்து, சொல் சொல்லாகப் பிரித்து, அந்த இடத்தில் என்ன பொருள் என்று குறிக்க வேண்டும். அதைவிடக் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற பொருள் ஒன்று அதே காலத்தில் வேறிடத்தில் வழங்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் புரிந்துகொள்ள முடிந்தால் அது உருவகம். 'அதே காலத்தில்' என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இன்றைய கட்டுரைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை (1924–36) மட்டும் பார்த்தால், வழக்கொழிந்த பொருள்களும் கணக்கில் ஏறிவிடும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதழ்களின் மின்தொகுப்பில் தேடுவதிலும் கண்ணி உண்டு. பச்சைக்கொடி, பச்சைக் கொடி, பச்சை கொடி என மூன்று வடிவிலும் தேடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் லை, ணை, றா முதலியவை பழைய வடிவில் இருக்கும். பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் (OCR) அவற்றைத் தவறாகப் படிக்கக்கூடும். 'முதலைக் கண்ணீர்' அகப்படவில்லை என்றால் அது அப்போது இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பக்கப் படத்தைத் திறந்து பாருங்கள். பெரியாரின் குடிஅரசு இதழ் 1935இலேயே புதிய எழுத்துக்கு மாறிவிட்டதால், அதையும் பிற இதழ்களையும் அந்த மென்பொருளில் ஒரே அமைப்பில் ஓடவிடக் கூடாது.

எண்ணிக்கையைப் பத்தாயிரம் சொல்லுக்கு இத்தனை என்று கணக்கிடுங்கள். எழுதியவர் பெயரோடு வரும் பத்திகளைத் (column) தலையங்கங்களோடு கலக்க வேண்டாம்; ஒரே பத்தியாளரின் பிடித்தமான சொல், மொழியே மாறியதுபோலத் தோற்றம் காட்டிவிடும்.