அரச தரைப்படை: மொரோக்கோவின் 'ஜெய்ஷ்' தமிழில்

மொரோக்கோவின் 'ராயல் ஆர்மி'யை 'அரசு ராணுவம்' என்று எழுதினால் முதல் சொல்லே தடம் மாறிவிடும். 'அரசு' என்றால் நமக்கு அரசாங்கம்: அரசுப் பேருந்து, அரசு மருத்துவமனை. செய்தியில் 'அரசுப் படைகள்' என்று வந்தால், கிளர்ச்சியாளரோடு மோதும் அரசாங்கப் படை என்றுதான் படிப்போம். இங்கே குறிப்பது மன்னரை. ஆகவே 'அரச' என்பதே சரி.

அந்நாட்டுப் படைகள் அனைத்துக்குமான அரபுப் பெயர் 'அல்-குவ்வாத் அல்-முஸல்லஹா அல்-மலக்கிய்யா'. 'குவ்வாத்' வலிமைகள், அதாவது படைகள். 'முஸல்லஹா' ஆயுதம் தரித்த. 'மலக்கிய்யா' என்பது 'மலிக்', மன்னர் என்ற சொல்லிலிருந்து வந்தது. 1956 மே மாதம் இப்படை உருவானபோது ஐந்தாம் முகமது இன்னும் சுல்தான்தான். 'மலிக்' பட்டத்தை மறு ஆண்டுதான் ஏற்றார். படையின் பெயர் முந்திக்கொண்டது.

சொல்லுக்குச் சொல் 'அரச ஆயுதப்படை' என்று பெயர்த்தால் தமிழ்நாட்டில் வேறு சிக்கல். இங்கே ஆயுதப்படை என்றால் காவல்துறையின் ஒரு பிரிவு. 'அரச முப்படை' நல்ல சொல்தான், ஆனால் மொரோக்கோவில் ஊர்ப்புறக் காவலைப் பார்க்கும் ஜென்டார்ம்களும் இதே அமைப்புக்குள் வருகிறார்கள். மொத்தத்துக்கு 'அரசப் படைகள்' போதும். அதில் நிலத்தில் போரிடும் பிரிவுக்கு அரபியில் 'பர்ரிய்யா' என்பார்கள். 'பர்' தரை, 'பஹ்ர்' கடல். நம் தரைப்படை, கடற்படை போலவே அமைந்த இணை. எனவே 'மொரோக்கோ அரச தரைப்படை' என்றே எழுதலாம்.

பொதுவாகப் படைக்கு அரபியில் 'ஜெய்ஷ்'. 'அல்-ஜெய்ஷ் அல்-மலக்கி' என்றால் மொரோக்கோ மக்களுக்கு முதலில் நினைவுக்கு வரக்கூடியது, 1985இல் ஆப்பிரிக்கக் கழகங்களுக்கான கோப்பையை வென்ற ரபாத் நகரத்துக் கால்பந்து அணி. படையினரின் அணி என்பதால் அந்தப் பெயர்.

இதே 'ஜெய்ஷ்' மொரோக்கோப் பேச்சுவழக்கில் 'கீஷ்' என்று திரிந்து தனிப்பொருள் பெற்றது. சுல்தானுக்குப் படைவீரர் தந்த குலங்கள் கீஷ் குலங்கள். அவர்களுக்குச் சம்பளமாக நிலம் கிடைத்தது, வரி கிடையாது. ரபாத்தில் கடலைப் பார்த்து நிற்கும் உதாயாக் கோட்டை, அப்படியொரு குலத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 1844இல் இஸ்லி போரில் பிரெஞ்சுப் படையிடம் தோற்ற பிறகு, சுல்தான் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற புதிய படையைத் தொடங்கினார். அதற்கு 'அஸ்கர்' என்று பெயர். இது பாரசீக 'லஷ்கர்' என்பதிலிருந்து வந்ததாகப் பலர் கருதுகிறார்கள். நம் அணைகளில் மதகு திறந்து மூடும் 'லஸ்கர்' அந்தப் பாரசீகச் சொல்லின் வழிவந்தவர்தான்.

கீஷ் நிலத்துக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. புதுக்கோட்டைச் சீமையில் படைச் சேவைக்காக விடப்பட்ட நிலத்தை 'அமரம்' என்றார்கள், அதை வைத்திருந்தவர் 'அமரக்காரர்'. நம்மிடம் அமரம் பழைய ஆவணங்களோடு நின்றுவிட்டது. மொரோக்கோ நிலச்சட்டத்தில் 'கீஷ்' இன்றும் ஒரு தனி வகை.